செங்கோட்டைக்குப் பூ அனுப்புகிறீர்களா? வாசகர் கேள்வி – பதில்

வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊருக்குப் பூ அனுப்புவது பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. செங்கோட்டை, தென்காசி, புளியரை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று எல்லை ஊர்களைப் பற்றியே பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். பூத்தொழில் தெரிந்தவர்களின் பதில்கள் இங்கே.

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி: செங்கோட்டையில் இருக்கும் அம்மாவின் எண்பதாவது பிறந்த நாளுக்கு இணையதளம் ஒன்றில் பொக்கே ஆர்டர் செய்தேன். படத்தில் 24 சிவப்பு ரோஜா. போய்ச் சேர்ந்ததோ பத்து ரோஜாவும் நீலச் சாயம் அடித்த சம்பங்கியும். அதுவும் சாயங்காலம் ஆறு மணிக்கு. தவறு எங்கே நடந்திருக்கும்?

அந்த இணையதளத்துக்குச் செங்கோட்டையில் கடை இருக்காது. உங்கள் பணத்தில் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்தில் கிடைக்கிற ஒரு கடைக்கு அனுப்பி வேலையை ஒப்படைத்துவிடும். இது பழைய முறைதான். 1910-இல் அமெரிக்காவில் 15 பூக்கடைக்காரர்கள் சேர்ந்து, ஓர் ஊரில் வாங்கிய ஆர்டரைத் தந்தி மூலம் இன்னோர் ஊர்க் கடைக்குச் சொல்லிக் கொடுக்கவைக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். தந்தி போய் ஆப் வந்திருக்கிறது, அவ்வளவுதான். முறையில் குற்றமில்லை. பெருநகரக் கடையில் எடுத்த படத்தைக் காட்டிச் சிற்றூருக்கு ஆர்டர் வாங்குவதில்தான் சிக்கல்.

நீளக் காம்பு ரோஜா இந்தப் பக்கம் விளைவதில்லை. பெரும்பாலும் ஓசூரிலிருந்து வரவேண்டும். சிறிய ஊர்க் கடைக்காரர் முகூர்த்த நாளுக்கும் முன்கூட்டிச் சொன்ன ஆர்டருக்கும்தான் அதை வரவழைப்பார். அன்றாடம் அவர் கையில் இருப்பது மல்லி, பிச்சி, சம்பங்கி, கேந்தி என்கிற செண்டுமல்லி, அரளி, பட்டன் ரோஜா, கனகாம்பரம், கொழுந்து என்கிற மரிக்கொழுந்து, துளசி. காலையில் ஆர்டர் வந்து மாலைக்குள் கொடுக்கவேண்டும் என்றால் இருக்கிற பத்து ரோஜாவோடு வேறு எதையாவது சேர்த்து நிரப்புவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

ஆகவே அடுத்த முறை கடைக்காரரிடமே பேசுங்கள். கடையின் எண் தெரியாவிட்டால் சொந்த ஊரில் உங்கள் தெருக் கோவிலில் கேளுங்கள், அல்லது கல்யாண மண்டப மேலாளரிடம் கேளுங்கள். அவர்கள் தினமும் பூ வாங்குகிறவர்கள். யார் சொன்ன நேரத்துக்குக் கொண்டுவருவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். காலை 5 முதல் 9 வரை கடைக்காரர் சந்தைக் கொள்முதலில் இருப்பார், மாலை 5 முதல் 7 வரை வியாபாரம். பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் பேசினால் நிதானமாகக் காது கொடுப்பார். உள்ளூர்ப் பூவுக்கு இரண்டு நாள் முன்பும், ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் மாதிரி வெளியூர்ப் பூவுக்கு நான்கு நாள் முன்பும் சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். இப்படி:

"அண்ணாச்சி, வணக்கம். வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு வேணும். பிள்ளையார் கோவிலுக்கு எதிர் வீடு, பச்சைக் கேட்டு. அம்மா கையிலயே கொடுக்கணும். மல்லி கால் கிலோ, அன்னைக்குக் காலை மொட்டு, நெருக்கக் கட்டு. பட்டன் ரோஜாவும் சம்பங்கியும் வச்சு மாலை ஒண்ணு, கழுத்திலிருந்து ஒரு பக்கம் 2 அடி தொங்கணும். சாயப்பூ வேண்டாம். மல்லி கிடைக்கலைன்னா பிச்சி. எல்லாம் சேர்த்து இந்தத் தொகைக்குள்ள. கொடுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ அனுப்புங்க."

இதில் உயிரான வரி, "மல்லி கிடைக்கலைன்னா பிச்சி" என்பதுதான். சந்தையில் ஒரு பூ வராத நாள் நிச்சயம் உண்டு. மாற்றுப் பூவை நீங்கள் சொல்லாவிட்டால் கடைக்காரர் தனக்குத் தோன்றியதைச் செய்வார், அப்போது அவரைக் குறை சொல்ல முடியாது. தொகைக்கு ஒரு வரம்பும் சொல்லிவிடுங்கள். பூ விலை அன்றன்றைக்கு ஏறி இறங்குவது. இரண்டு நாள் முன்பே "முழம் என்ன விலை?" என்று பிடிவாதமாகக் கேட்டால், நஷ்டம் வராமல் இருக்க அவர் கூட்டித்தான் சொல்வார். பாதிப் பணத்தை முன்பே அனுப்பி, மீதியைப் போட்டோ பார்த்ததும் அனுப்புவது இருவருக்கும் நல்லது. வாங்குகிறவருக்குத் தெரியாமல் செய்யவேண்டும் என்றால் பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுங்கள். ஆளில்லாத வாசற்படியில் வெயிலில் வைத்துவிட்டுப் போன பூ ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்: பத்து முழம் மல்லிக்குப் பணம் கொடுத்தேன். வீட்டில் அளந்தால் எட்டு முழம்கூட இல்லையாம். எப்படித்தான் கேட்பது?

முழம் என்பது முழங்கை முட்டியிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். கட்டுகிறவர் கை குட்டையாக இருந்தாலே ஐந்து சென்டிமீட்டர் குறையும். நீளத்தைவிட நெருக்கத்தில்தான் பூ அதிகம் குறைகிறது. ஒரு கண்ணிக்கு, அதாவது நாரில் போடும் ஒரு முடிச்சுக்கு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஆக நான்கு மொட்டு வைத்துக் கட்டுவது வழக்கம். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கண்ணி விழுந்தால் முழத்துக்கு 180 மொட்டு. இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கண்ணி என்றால் 90 மொட்டுத்தான். இரண்டுமே ஒரு முழம்! பார்க்கிற கண்ணுக்குக் கட்டின உடனே வித்தியாசம் தெரியாது. மொட்டு விரிந்தபின் தலையில் வைத்தால்தான் இடையிடையே நார் தெரியும்.

அதனால் தூரத்திலிருந்து வாங்குகிறவர்கள் எடையில் கேளுங்கள். "கால் கிலோ மொட்டு, கட்டுக்கூலி தனி" என்று சொன்னால் கணக்கு சுத்தம். கட்டுகிறவருக்கும் உரிய கூலி கிடைக்கும். நெருக்கக் கட்டு நேரம் பிடிக்கும் வேலை, கூலி கூடத்தான் ஆகும். அதைக் குறைத்துக் கேட்டால் கண்ணி தள்ளித்தான் விழும்.

புனலூரிலிருந்து ஒரு வாசகி: மகள் கல்யாணத்துக்கு "முல்லப்பூ" என்று சொன்னோம். செங்கோட்டைக் கடையிலிருந்து மெல்லிசான வேறு பூ வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கடைக்காரர் தமிழில் கேட்டுக்கொண்டார், நீங்கள் மலையாள வழக்கில் சொன்னீர்கள். கேரளத்தில் மணப்பெண் கொண்டையில் சுற்றும் குற்றிமுல்லை என்பது நம் குண்டுமல்லி இனம். தமிழ்நாட்டுச் சந்தையில் முல்லை என்றால் ஊசி மாதிரி மெல்லிய மொட்டுள்ள வேறு கொடி. பிச்சி மூன்றாவது, மொட்டின் முதுகில் இளஞ்சிவப்பு ஓடும். அதையே மதுரைப் பக்கம் ஜாதிமல்லி என்பார்கள். கேரள வீட்டுக் கல்யாணத்துக்கு "குண்டுமல்லி மொட்டு" என்றே சொல்லுங்கள். கொண்டையைச் சுற்றி ஐந்து ஆறு வரிசை வைப்பதால் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீளச் சரமாகக் கட்டச் சொல்வதும் முக்கியம். செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அதுவரை திருவிதாங்கூர்ப் பக்கம். மலைக்கு இரண்டு புறமும் கொடுக்கல் வாங்கல் இன்றும் இருக்கிறது. அதனாலேயே பூப் பெயரில் இப்படிக் குழப்பமும் வருகிறது.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: தங்கை கல்யாணம் புனலூரில், முகூர்த்தம் காலை 10.30. மாலைகள் செங்கோட்டையில் கட்டி மலை தாண்டிப் போகவேண்டும். வாடாமல் போகுமா?

போகும். நேரக் கணக்கும் பொதிவதும் சரியாக இருந்தால் போதும்.

முதலில் அளவைத் தெளிவாகச் சொல்லுங்கள். "3 அடி மாலை" என்றால் சிலர் ஒரு பக்கம் 3 அடி என்றும், சிலர் மொத்தச் சுற்றே 3 அடி என்றும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது விதமாகக் கட்டிய மாலை மார்போடு நின்றுவிடும். மணமக்களின் பின்கழுத்திலிருந்து முன்பக்கமாக எதுவரை தொங்கவேண்டுமோ அதுவரை நூல் வைத்து அளந்து, "ஒரு பக்கம் இத்தனை அங்குலம்" என்று எழுதி அனுப்புங்கள். எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். சுற்றிக் கும்பிட்டுப் படம் எடுத்து முடிப்பதற்குள் பெண்ணின் கழுத்து வலித்துவிடும்.

அடுத்து, எந்தப் பூ என்பது. பன்னீர் ரோஜாவுக்கு மணம் உண்டு, ஆனால் இதழ் உதிரும். மலைப்பாதைக் குலுக்கலில் மண்டபம் சேர்வதற்குள் பெட்டி நிறைய இதழாகக் கிடக்கும். பட்டன் ரோஜா உதிராது. சம்பங்கியில் விரியாத மொட்டும் பாதி விரிந்ததும் கலந்திருக்கட்டும். முழுதும் விரிந்தது கைபட்ட இடமெல்லாம் பழுப்பாகும். கட்ட வாழைநார் மட்டும் போட்டால், நார் காயக் காய முடிச்சு தளரும். இவ்வளவு தூரம் போகிற மாலைக்குப் பருத்தி நூலும் சேர்க்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் நூல் பூவின் கழுத்தை அறுத்துவிடும், அது வேண்டவே வேண்டாம்.

இப்போது மல்லியின் கணக்கு. அதிகாலையில் பறித்த மொட்டு அன்று சாயங்காலம்தான் விரியும். விடிகாலையில் மலை ஏறுகிற பெட்டியில் இருக்கப்போவது முந்தின நாள் மொட்டுத்தான், யார் கட்டினாலும் அப்படித்தான். "நேற்றுப் பூவை வைத்துவிட்டார்" என்று கோபப்படாதீர்கள். அந்த மொட்டை இரவு முழுதும் குளிர்ச்சியில் வைத்து விரியாமல் தடுத்தாரா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. ஈரத் துணியில் தளர்வாகச் சுற்றி, பனிப்பெட்டியின் காய்கறித் தட்டில் வைப்பது சரி. மேலே உறைபனி அறையில் வைத்தால் மொட்டு கண்ணாடி மாதிரி ஆகி, வெளியே எடுத்த பத்தாவது நிமிடம் பழுப்பாகிவிடும்.

மாலைகளை முந்தின நாள் இரவு பத்து மணிக்கு மேல் கட்டத் தொடங்கி விடிகாலை நாலு மணிக்கு முடிப்பார்கள். ஐந்தரைக்கு வண்டி கிளம்பினால் நல்லது. புளியரை எஸ் வளைவு, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் சுமார் 50 கிலோமீட்டர். லாரி நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம். சோதனைச் சாவடியில் வரிசை நின்றாலும் எட்டு மணிக்குள் மண்டபத்தில் இருக்கும்.

பொதியும்போது, ஆழம் குறைந்த அகலப் பெட்டியின் அடியில் வாழையிலையைப் போட்டு, மாலையைப் பாம்புச் சுருளாகப் படுக்கவையுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு மாலை. மேலே இன்னொரு மாலை ஏறினால் கீழே இருப்பதன் ரோஜா நசுங்கும். மூடவும் வாழையிலைதான், பாலித்தீன் கூடாது. பறித்த பிறகும் பூ மூச்சு விடும், சூடு விடும். நன்றாகக் கட்டிவைத்த மொட்டுக் குவியலின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரியும். காற்று போக வழியில்லாவிட்டால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். தண்ணீரைக் கையால் அள்ளித் தெளிக்கவும் வேண்டாம். இதழுக்குள் தங்கிய நீர் புள்ளி புள்ளியாகக் கறுக்கும். புகை மாதிரி தெளிக்கும் குப்பியால் இரண்டு முறை வெளியே மட்டும் தெளித்தால் போதும். கார் டிக்கியில் வைக்காதீர்கள். பின் இருக்கையில் வைத்து, ஏசி காற்று நேராகப் படாமல் திருப்பிவிடுங்கள்.

உபரியாக ஒரு கால் கிலோ உதிரிப் பட்டன் ரோஜாவும், ஊசியும், நூலும் தனிப் பொட்டலமாக வரட்டும். எங்காவது அறுந்தால் மண்டபத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: மதுரை மல்லியை ரயில் பார்சலில் செங்கோட்டைக்கு அனுப்ப முடியுமா?

முடியும். ஆனால் ஒரு கிலோ இரண்டு கிலோவுக்கு அது தோதான வழி இல்லை.

பார்சல் அலுவலகத்தில் பதிந்தால் அனுப்புபவர், பெறுபவர் பெயரோடு ரசீது தருவார்கள். பொதி ஒவ்வொன்றின் மேலும் போய்ச் சேரும் நிலையத்தின் பெயர் இருக்கவேண்டும். இறங்கும் இடத்தில் ரசீதைக் காட்டித்தான் எடுக்கமுடியும், அது உங்கள் கையில் மதுரையில் இருக்கும். வீட்டுச் சாமானுக்கு இது பெரிய தடங்கல் இல்லை, பூவுக்கு ஒரு மணி நேரத் தாமதமே பெரிது. இந்த வண்டியில் ஏறும் என்று நினைத்த பொதி இடமில்லாமல் அடுத்த வண்டிக்குப் போவதும் உண்டு. செங்கோட்டைக்கு ஒரு வசதி, சென்னையிலிருந்து வரும் பொதிகை ரயில் அங்கேயே முடிகிறது, நிதானமாக இறக்கலாம். மலைக்கு நடுவே பகவதிபுரம், ஆரியங்காவு மாதிரிச் சிறு நிலையங்களில் வண்டி நிற்பதே ஓரிரு நிமிடம்தான். அங்கெல்லாம் பார்சலை நினைக்கவே வேண்டாம்.

நம்பகமான வழி, வருகிற உறவினர் கையில் கொடுத்தனுப்புவது. தூங்கும் வசதிப் பெட்டியில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசச் சுமை உண்டு. பூப்பெட்டி அதில் அடங்கிவிடும். முன்பின் தெரியாத பயணியிடம் கொடுப்பதோ வாங்குவதோ கூடாது.

பெட்டி கட்டும் விதம்: தெர்மகோல் பெட்டியின் அடியில் உறைந்த ஜெல் பை இரண்டு, அதன்மேல் நான்கைந்து மடிப்பு செய்தித்தாள், அதன்மேல் வாழையிலை, பிறகு மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாக மொட்டு. பெட்டியில் முக்கால் பங்குதான் நிரப்பவேண்டும். ஜெல் பை மொட்டைத் தொட்டால் தொட்ட இடம் கருகும், செய்தித்தாள் அதற்காகத்தான். ஐஸ் கட்டி வைக்காதீர்கள், உருகிய நீரில் அடிப்பூ ஊறிவிடும். தொடுத்து அனுப்புவதைவிட உதிரி மொட்டாக அனுப்பி அங்கே கட்டச் சொல்வது நல்லது. தொடுத்த சரத்தில் ஒரு கண்ணி அழுகினாலும் பக்கத்துக் கண்ணிக்குப் பரவும்.

இத்தனை பாடு அவசியமா என்றும் யோசியுங்கள். சங்கரன்கோவில் பூச்சந்தை செங்கோட்டைக்குப் பக்கம், அங்கே வரும் மல்லி அன்று காலை பறித்தது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதன் தடித்த இதழும் மணமும் தனிதான். ஆனாலும் ஓர் இரவு பயணம் செய்த மதுரை மல்லியைவிட அன்று பறித்த உள்ளூர் மல்லி மணக்கும். கனகாம்பரம் என்றால் தைரியமாக அனுப்பலாம், இரண்டு நாள் தாங்கும்.

ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர்: ஊரில் ஒரு துக்கம் என்றால் உடனே வர முடிவதில்லை. மலர் வளையம் ஏற்பாடு செய்வது எப்படி? யார் வீட்டுக்கு எது சரி?

முதல் கேள்வி கடைக்காரரிடம் கேட்கவேண்டியது அல்ல. வீட்டில் ஒருவரிடம் "எப்போ எடுக்கிறாங்க?" என்று கேளுங்கள். அதற்கு இரண்டு மணி நேரம் முன்பு பூ அங்கே இருக்கவேண்டும். தாமதமாகப் போன வளையத்தைக் கொண்டுபோனவரும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார், வீட்டாருக்கும் சங்கடம்.

நம் பக்கத்து இந்து வீடுகளில் வளையத்தைவிட மாலைதான் வழக்கம். சம்பங்கியும் ரோஜாவும் வைத்த ஆள் உயர மாலை. தேவாலயத்தில் அடக்கம் என்றால் வளையமோ சிலுவை வடிவமோ பொருந்தும். புனலூர்ப் பக்கம் கடையில் "ரீத்து" என்று கேட்கவேண்டும். முஸ்லிம் வீடுகளில் பலர் இதை ஏற்பதில்லை. வீட்டாரைக் கேட்காமல் அனுப்பவேண்டாம்.

வளையம் இரண்டு அடி விட்டம் போதும். மூன்று அடி ஆட்டோவின் பின் இருக்கையில் படுக்காது, நிறுத்திவைத்தால் கீழ்ப்பக்கப் பூ நசுங்கும். அடிப்பகுதி ஈர வைக்கோல் பிரியில் கட்டியதாக இருந்தால் பூவுக்குக் கொஞ்சம் ஈரம் கிடைத்துக்கொண்டே இருக்கும். அலங்காரத்துக்குத் தெர்மகோல் பயன்படுத்த 2022 ஜூலை 1 முதல் நாடு முழுதும் தடை இருக்கிறது. கேரளத்தில் அதற்கு முன்பே, 2020-லிருந்து ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிக்குத் தடை. வைக்கோலும் மூங்கிலும் வாழைப்பட்டையும்தான் என்று சொல்லிவிடுங்கள்.

சீட்டில் வரவேண்டிய வாசகத்தை எழுத்து எழுத்தாக அனுப்புங்கள். போனில் சொன்ன பெயர் தப்பாக எழுதப்படுவது அடிக்கடி நடக்கிறது, இந்த இடத்தில் அது மனதைப் புண்படுத்தும். "மகன்" என்பதா "மகன் குடும்பத்தார்" என்பதா என்பதையும் நீங்களே முடிவு செய்துவிடுங்கள். கொண்டுபோகிறவர் யாரிடம் சொல்லி வைக்கவேண்டும் என்று ஒரு பெயர் கொடுங்கள். இந்த ஆர்டருக்குப் போட்டோ கேட்டுத் தொந்தரவு செய்யாமல், "வச்சாச்சு" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். ராத்திரி பத்து மணிக்கு மேல் என்றால் கடையில் கேந்தியும் அரளியும்தான் மிஞ்சியிருக்கும். வெள்ளைப் பூவுக்குப் பிடிவாதம் பிடிக்காமல் இருப்பதை வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

தென்காசியிலிருந்து ஒரு வாசகர்: ஆரியங்காவு ஐயப்பனுக்கு அரளி மாலை கொண்டுபோகலாமா?

2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்திவிட்டன. அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்துடிப்பைக் கெடுக்கும் நஞ்சு. ஆரியங்காவும் அச்சன்கோவிலும் திருவிதாங்கூர் போர்டின் கோவில்கள். துளசி, தெச்சி, தாமரை கொண்டுபோங்கள். நாம் வெட்சி, இட்லிப்பூ என்பதைத்தான் அங்கே தெச்சி என்கிறார்கள். கடைக்காரரிடம் "கேரளக் கோவிலுக்கு" என்று சொன்னாலே அரளியைத் தவிர்த்துக் கட்டுவார். வீட்டில் அரளி கட்டுகிறவர்கள் கை கழுவாமல் குழந்தைக்கு ஊட்டிவிடாதீர்கள்.

கடையநல்லூரிலிருந்து ஒரு வாசகி: வந்த பொக்கே மறுநாளே தலை தொங்கிவிடுகிறது. தண்ணீர் ஊற்றித்தான் வைக்கிறேன்.

காம்பின் வாய் அடைத்துக்கொண்டது. வழியில் வரும்போது காய்ந்த காம்பு காற்றை இழுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு தண்ணீர் ஏறாது. பொக்கேயைப் பிரித்து, ஒரு வாளித் தண்ணீருக்குள் காம்பை முக்கியபடியே அடியில் இரண்டு சென்டிமீட்டரைச் சாய்வாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் நசுக்கும், கூர்மையான கத்தி நல்லது. தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், அவை அழுகித்தான் தண்ணீர் நாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி துணி வெளுக்கும் திரவம். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு, புளிப்பு தண்ணீரை மேலே ஏற்றும், வெளுப்பான் கிருமியைத் தடுக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஜெர்பராவுக்கு மட்டும் நாலு விரல் ஆழத் தண்ணீர் போதும், அதன் காம்பு அழுகும் சுபாவம் உள்ளது.

இன்னொன்று, பூவைப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கிற வாழையும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு பூவையும் சேர்த்து முதிரவைக்கும். சீர்த்தட்டுகளை முந்தின நாள் இரவே ஒரே அறையில் அடுக்கிக் கதவைச் சாத்துகிற வீடுகளில், காலையில் கார்னேஷன் மட்டும் தூங்கிப்போய்க் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

புளியரையிலிருந்து ஒரு வாசகர்: ஓணத்துக்கு மலைக்கு அப்பால் உள்ள நண்பர்களுக்கு அத்தப்பூக் கோலத்துக்குப் பூ அனுப்ப ஆசை. எப்போது வாங்குவது?

அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் தோவாளையிலிருந்தும் நம் பக்கத்துச் சந்தைகளிலிருந்தும் கேந்தியும் வாடாமல்லியும் கேரளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். திருவோணத்துக்கு முந்தின நாளான உத்திராடத்தன்று விலை உச்சியில் நிற்கும். கேந்தியும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் நாலைந்து நாள் தாங்குகிற பூக்கள். உத்திராடத்துக்கு மூன்று நாள் முன்பே வாங்கி, ஓலைக்கூடையில் நிழலில் பரப்பிவைத்து அனுப்புங்கள். ஐந்து அடி வட்டக் கோலத்துக்கு எல்லா நிறமும் சேர்த்து ஐந்து கிலோ அளவு ஆகும். காம்போடு அனுப்புங்கள், அங்கே போய் உதிர்த்துக்கொள்ளட்டும். உதிர்த்த இதழ் ஓர் இரவில் கூழாகிவிடும்.

குற்றாலத்திலிருந்து ஒரு வாசகி: மாலையின் நீலச் சாயம் பட்டு வேட்டியில் ஒட்டிக்கொண்டது. போகுமா?

ஈரம் காயும் முன் குளிர்ந்த தண்ணீரில் அலசியிருந்தால் ஓரளவு போயிருக்கும். வெந்நீர் ஊற்றினால் சாயம் நூலில் பிடித்துக்கொள்ளும். இனி சலவைக்காரரிடம் கொடுத்து, சம்பங்கிச் சாயம் என்று சொல்லுங்கள். அடுத்த மாலைக்கு ஆர்டர் கொடுக்கும்போது நிறம் வேண்டும் என்றால் கேந்தி, வாடாமல்லி, பட்டன் ரோஜா, கொழுந்து. நாலு நிறமும் பூவிலேயே இருக்கிறது, ஈரத்தில் இறங்காது.